பிணத்தைக் கொன்ற ஸ்டேடியம்

அந்த மனிதர் கண்களைத் திறந்தபடியே செத்துக் கிடந்தார்!

யூட்சனின் கையில் இருந்த கூட்டும் தும்புத்தடி நழுவிச் சீமெந்துப் படியில் விழுந்தது.

டங்...!

ஆளில்லாத ஸ்டேடியம் முழுக்க அந்தச் சத்தம் ஓடித் திரும்பி வந்தது.

காலை வெயில். நேற்றைய ஆட்டத்தின் கச்சான் கடலைக் கோதுகள், நசுங்கிய பியர்க் கப்புகள்... அவற்றுக்கு நடுவே, கீழ் அடுக்கு நடைபாதையில், மல்லாந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி எஞ்சினியர் நோர்மன் ஹால்.

மாநகரசபை அனுப்பிய எஞ்சினியர். ஸ்டேடியத்தைத் தட்டித் தட்டிச் சோதிக்க வந்தவர்.

டொரன்டோ ஹெரன்ஸ் என்ற பேஸ்போல் ரீமுக்கு ஏரிக்கரையில் நின்ற அந்த ஸ்டேடியம்தான் வீடு. கிழட்டு வீடு! போன வருசம் ஆட்டக்காரர்கள் செய்த ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பாதிக் கதிரைகள் காலி. மேலடுக்கில் சீமெந்து உதிர்கிறது என்று பேப்பர்கள் எழுதின. ரீமின் முதலாளி, அமெரிக்காவில் புது ஸ்டேடியம் கட்டித் தர ஒரு ஊர் தயாராக நிற்கிறது, நான் போகிறேன் என்றார். போக முடியாது, ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது என்றது மாநகரசபை.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. கட்டிடம் ஆபத்தானது என்று நிரூபணமானால் ஒப்பந்தம் செல்லாது. ரீம் போகலாம்.

ஆபத்தா, இல்லையா?

சொல்ல வேண்டியவர் ஹால். இனி அவர் எதுவும் சொல்லப் போவதில்லை.

"சேர்...? மிஸ்டர் ஹால்...?"

தொட்டுப் பார்த்தான். ஐஸ்!

'ஓடு!' என்றது மூளை. 'உன்னட்ட வேர்க் பேர்மிட் இல்லை. உன்ர நெஞ்சில குத்தியிருக்கிற பேரே உன்ர பேர் இல்லை. ஓடடா!'

உண்மைதான். சட்டையில் குத்தியிருந்த அட்டை 'அகஸ்ரின்' என்றது. அகஸ்ரின் அண்ணையின் வேலை. அகஸ்ரின் அண்ணையின் கார்ட். அவர் காலையில் பிக்கரிங்கில் ஒரு ரெஸ்ரோறன்டில் சமைக்கப் போவார். அந்த நேரம் அவருடைய பெயரைப் போட்டுக்கொண்டு யூட்சன் இங்கே கூட்டுவான். அடுத்த மாதம் அவனுடைய அகதி ஹியரிங். அதுவரை ஒரு பொலிஸ்காரன்கூட உன் பெயரைக் கேட்கக் கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார்.

ஆனால் கால்கள் ஓடவில்லை.

அந்தக் கண்கள்...!

செத்தவரை இப்படி வாய் பிளந்து, கண் திறந்து விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. ஷெல்லடிக்குள்கூட அவனுடைய ஆட்கள் யாரையும் அப்படி விட்டதில்லை.

முழங்காலில் உட்கார்ந்தான். இமைகளை மூடினான். முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து நாடியைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். சப்பாத்தைக் கழற்றினான். சொக்ஸைக் கழற்றினான். கால்களை நேராக்கி, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, அவருடைய சப்பாத்துக் கயிற்றாலேயே கட்டினான். நெஞ்சில் கைகளைக் கோத்து வைத்துத் தன் செபமாலையைச் சுற்றிவிட்டான்.

சிலுவை போட்டுக்கொண்டான்.

பிறகுதான் ஓடினான். வாசலுக்கு அல்ல... மனேஜரின் அறைக்கு!

ஸ்டேடிய மனேஜர் ஹார்லன் பிட் கோப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"சேர்... ஆள் சேர்... செத்துப்போச்சு! எஞ்சினியர்! கீழ..."

தெரிந்த இங்கிலீசில் திக்கித் திணறினான். உடம்பு வெடவெடத்தது.

பிட் பாதி எழுந்து, ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு மனித உருவம். அவ்வளவுதான். கிட்டப் போகவில்லை. முகம் வெளுத்தது. அப்புறம் அந்த முகத்தில் வேறு ஏதோ ஓடியது.

"வேற ஆருக்கும் சொன்னியா?"

"இல்லை சேர்."

"நல்லது. அம்புலன்சை நான் கூப்பிடுறன். நீ வீட்ட போ."

"பொலிஸ் வந்தா... நான்..."

"நீ இண்டைக்கு என்னைக் காணேல்லை. நானும் உன்னைக் காணேல்லை. சரியோ? போ!"

யூட்சனுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நல்ல மனுசன்!

அப்படித்தான் அவன் நினைத்தான். பாவம்.

*

வோபர்னில் அகஸ்ரினின் அபார்ட்மென்ட். மத்தியானச் செய்தி. ரீவிக்கு முன்னால் பிள்ளைத்தாச்சி வயிறு தள்ள உட்கார்ந்திருந்தாள் அகஸ்ரினின் மனைவி கிளடிஸ்.

"தம்பி! ஓடி வா! உன்ர ஸ்டேடியமெல்லே காட்டுறாங்கள்!"

திரையில் தீயணைப்பு வண்டிகள். ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவுச் சீமெந்துப் பாளம். அதன் அடியில்...

"மேலடுக்கில இருந்து விழுந்திட்டுதாம். நசிஞ்சு செத்துப்போனாராம் எஞ்சினியர்."

யூட்சனின் கையில் இருந்த சோற்றுக் கோப்பை சரிந்தது.

"விழுந்ததோ?! என்ன விழுந்தது? அக்கா... நான் காணேக்க ஒண்டும் விழேல்லை! அவர் முதலே செத்திட்டார்!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"நானெல்லே அவருக்குக் கண்ணை மூடி, காலைக் கட்டி..."

"ஐயோ, யேசுவே! நீ தொட்டனியோ?!"

திரையில் மனேஜர் பிட். கண்ணீர் இல்லாமலே மூக்கைத் துடைத்தார். கிளடிஸ் அவருடைய இங்கிலீசைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"பாளத்தைத் தூக்கிப் பாத்தா, அவற்ற வாயும் கால்விரலும் கட்டியிருந்ததாம்... சித்திரவதையாம்... கார்ட் பதிவின்படி காலையில உள்ளுக்கு வந்தது ஒரேயொரு கிளீனராம்..."

பிட் கமராவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"கட்டிப் போட்டது ஒரு மிருகம். ஆனா கொலை செய்தது இந்தக் கட்டிடம்!"

அடுத்து முதலாளி. "இந்தக் கொலைகாரக் கட்டிடத்துக்குள்ள இனி என்ர பிள்ளையள் விளையாட மாட்டினம். நாங்கள் போறம்!"

யூட்சன் ரீவியை நிறுத்தினான்.

கதவு தட்டப்பட்டது.

டொக்... டொக்... டொக்!

"திறக்காதேங்கோ அக்கா!"

ஆனால் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் வெளியே கேட்டது. வேலை முடிந்து வந்த அகஸ்ரின்! உடம்பெல்லாம் வெங்காய மணம். அவருக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள்.

"உன்ர பேர் அகஸ்ரினோ?"

"ஓம். நான்தான். என்ன விசயம்?"

அவர்கள் சொன்னார்கள்.

அகஸ்ரின் ஒரு கணம் யூட்சனைப் பார்த்தார். அவனுடைய முகத்தைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. கைகளை நீட்டினார். விலங்கு பூட்டப்பட்டது.

க்ளிக்!

"அண்ணை...!" யூட்சன் பாய்ந்தான்.

"பொத்தடா வாயை!" அகஸ்ரின் தமிழில் சீறினார். முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு, பொலிஸுக்காக. "நான் சிற்றிசன். என்னை ஊருக்குத் திருப்பிப் பிளேனில ஏத்தேலாது. உன்னை ஏத்துவாங்கள். ஏத்தினா அங்க இறங்கின உடன என்ன நடக்குமெண்டு தெரியுந்தானே? ஒரு சொல்லுச் சொன்னியோ, ஜெயிலுக்கால வந்து உதைப்பன்!"

"அப்ப நீங்கள்..."

"பிக்கரிங்கில நிண்டனான் எண்டு சொன்னா, ஸ்டேடியத்தில நிண்டது ஆரெண்டு கேப்பாங்கள். மூதேவி, யோசிச்சுப் பார்!"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

கிளடிஸ் அழவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றாள். அதுதான் யூட்சனை இன்னும் கொன்றது.

"அக்கா... ஏதாவது சொல்லுங்கோ. ஏசுங்கோ!"

"என்னத்தைச் சொல்ல? பொலிசுக்குப் போ எண்டு சொன்னா உன்னைக் கொல்லுறன். போகாத எண்டு சொன்னா அவரைக் கொல்லுறன். என்னைக் கேளாத தம்பி. என்னைக் கேளாத!"

அவன் லோயருக்குப் போன் அடித்தான். லோயர் இராஜரட்ணம் முழுக்கக் கேட்டார். பெருமூச்சு விட்டார்.

"தம்பி, வடிவாக் கேளும். நீர் பொலிசுக்குப் போனீரெண்டா உம்மட கேஸ் சரி. முடிஞ்சுது. கள்ளப் பேரில வேலை, செத்த ஆளைத் தொட்டது, போதாக்குறைக்குக் கொலை. உம்மை நம்ப இந்த ஊரில ஒரு குருவிகூட வராது."

"அப்ப அகஸ்ரின் அண்ணை?"

"அதுக்கு வேற லோயர் பிடிக்கலாம்..."

யூட்சன் போனை வைத்தான். சட்டையை மாற்றினான். ஊரில் இருந்து வந்தபோது போட்ட அதே சட்டை. திருப்பி ஏற்றும்போதும் ஒழுங்காகப் போக வேண்டாமா?

"எங்க போறாய்?" கிளடிஸின் குரல் உடைந்தது.

"என்ர பேரைச் சொல்லப் போறன் அக்கா."

*

பொலிஸ் ஸ்டேசனில் டிடெக்டிவ் மக்ராய் மேசையில் காலைப் போட்டுக்கொண்டு கேட்டார். சிவப்பு மீசை. தூக்கமில்லாத கண்கள். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா. றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்தவர். தலையில் ஹெரன்ஸ் தொப்பி! வரும் வழியெல்லாம், ரீம் போகப் போகிறதே என்று துக்கம் காத்துக்கொண்டு வந்த ரசிகர்.

"தம்பி, நீர் சொல்லும். பயப்பிடாதேயும். நான் அப்பிடியே இங்கிலீசில சொல்லுறன்."

"அவரைக் கட்டினது அகஸ்ரின் அண்ணை இல்லை. நான். என்ர பேர் யூட்சன்."

மக்ராய் கொட்டாவி விட்டார்.

"பக்கத்து அறையில அகஸ்ரினும் தான்தான் கட்டினதெண்டு சொல்லுறார். உங்கட ஆக்கள் கொலையையும் பங்கு போடுவீங்களோ?"

யூட்சன் திகைத்தான். அண்ணை... பழியை முழுசாக ஏற்றுவிட்டாரா?!

"எதால கட்டினனி?" மக்ராய் கேட்டார்.

"அவற்ற சப்பாத்துக் கயித்தால."

மக்ராயின் கால் மேசையில் இருந்து இறங்கியது.

"அகஸ்ரின் நைலோன் கயிறெண்டார். எப்பிடிக் கட்டினனி? செய்து காட்டு."

"ஆற்ற காலில?"

மக்ராய் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராசா முனகிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார்.

"தம்பி, மெதுவா. கால் ஆணி இருக்கு."

யூட்சன் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்தான். ஒரு சுற்று. நடுவால் ஒரு சுற்று. முடிச்சு.

மக்ராய் ஒரு போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கட்டு. அதே முடிச்சு!

"ஏன் இப்பிடிச் செய்தனி? ஆர் சொல்லித் தந்த சித்திரவதை இது?"

"சித்திரவதையோ?! செத்த ஆளுக்குச் செய்யிற மரியாதை சேர்! கண்ணை மூடாமல், காலைக் கட்டாமல் எப்பிடி விட்டிட்டுப் போறது?"

ஸ்ரீஸ்கந்தராசா மொழிபெயர்க்க மறந்துவிட்டார். கட்டப்பட்ட விரல்களோடு எழும்பப் பார்த்து, மறுபடி கதிரையில் விழுந்தார்.

"சேர்! இது உண்மை! என்ர தகப்பனுக்கும் நான்தான் கட்டினனான். சைவம், கிறிஸ்தவம் எண்டில்லை, எங்கட ஆக்கள் எல்லாரும் செய்வினம். உயிரோட இருக்கிறவனுக்கு ஒருத்தரும் கட்டமாட்டினம். கட்டினா அபசகுனம்! ஐயோ... தம்பி, முதல்ல என்ர காலை அவிழும்!"

யூட்சன் குனிந்து முடிச்சை அவிழ்த்தான்.

மக்ராய் மீசையைத் தடவினார்.

"டொக்டர் கொஞ்சம் முன்னம் ஒண்டு சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. ஹால் ஹார்ட் அட்டாக்கில செத்தவராம். பாளம் விழேக்க அவர் ஏற்கெனவே பிணம். செத்தவனை ஏன் ஒருத்தன் கட்டிப் போடுறான்? மண்டை வெடிச்சுப்போச்சு எனக்கு. இப்ப விளங்குது."

"அப்ப... கொலை இல்லையோ?"

"கொலை இல்லை. ஆனா அந்தப் பாளம் தானா விழேல்லை. திருத்தக் கழட்டி ஓரமா வச்சிருந்த பாளம். ஆரோ கம்பியால தள்ளியிருக்கினம்." அவர் முன்னால் குனிந்தார். கண்கள் கூர்மையாயின. "நீ தள்ளினியோ?"

"இல்லை! சத்தியமா இல்லை! நான் மனேஜரிட்டப் போய்ச் சொன்னனான். அவர்தான் வீட்ட போ எண்டவர்."

"மனேஜர் காலையில ஒரு கிளீனரையும் தான் காணேல்லை எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"பொய்!"

"ஓம். ஒண்டில் அவர் பொய். இல்லாட்டி நீ பொய். அவர் கழுத்துப்பட்டி கட்டின மனேஜர். நீ வேற ஒருத்தன்ர பேரைக் குத்திக்கொண்டு திரிஞ்சவன். கோர்ட்டில ஆரை நம்புவினம்?"

யூட்சன் தலையைக் கவிழ்த்தான். லோயர் சொன்ன குருவி வரவே இல்லை.

"என்னை ஏத்துங்கோ சேர். பரவாயில்லை. அகஸ்ரின் அண்ணையை விடுங்கோ. அவருக்குப் பிள்ளை பிறக்கப் போகுது."

ஸ்ரீஸ்கந்தராசா தொப்பியைக் கழற்றினார். இதை மொழிபெயர்க்கும்போது அவருடைய குரல் கொஞ்சம் தடுமாறியது.

மக்ராய் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பினார். கதவைத் திறந்து கத்தினார்.

"அகஸ்ரினைக் கொண்டு வா! மனேஜர் பிட்டும் வந்திருக்கிறாரெல்லே? அவரையும் வரச் சொல்லு!"

*

அகஸ்ரின் உள்ளே வந்தார். யூட்சனைக் கண்டதும் பல்லைக் கடித்தார்.

"வந்திட்டியோ? வருவாய் எண்டு தெரியும். நாயே... என்னத்துக்கடா வந்தனி?"

"உங்களை விட்டிட்டு எப்பிடி அண்ணை..."

"நைலோன் கயிறெண்டு எவ்வளவு கஷ்டப்பட்டு யோசிச்சுச் சொன்னனான்! எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாய்!"

பிட் உள்ளே வந்தார். வாசனைத் தைலம். அவசரம்.

"டிடெக்டிவ், எனக்கு நேரமில்லை. முதலாளியோட பிளேன் பிடிக்கவேணும். பேப்பரில பேர் இருக்கு. அகஸ்ரின். இன்னும் என்ன?"

"ஒரு சின்னச் சிக்கல் மிஸ்டர் பிட்." மக்ராயின் குரல் தேன். "கார்ட் அகஸ்ரின்ர. இந்தா நிக்கிறார், கட்டினது தான்தான் எண்டு சத்தியம் பண்ணுறார். இவரையே உள்ளுக்குப் போடலாமெண்டு பாக்கிறன்."

பிட் அகஸ்ரினை ஏற இறங்கப் பார்த்தார். கட்டை உருவம். நரை மீசை. பானை வயிறு.

"இவனோ? சும்மா விசர் வேலை செய்யாதேங்கோ! இவனைப் போட்டு, பிறகு கேஸ் உடைஞ்சா?" விரல் யூட்சனை நோக்கிப் பாய்ந்தது. "அங்க நிக்கிறான் பாருங்கோ, அந்த மெலிஞ்ச பொடியன்! அவன்தான் என்ர கதவடியில நிண்டு இலை மாதிரி நடுங்கினவன்!"

ஸ்ரீஸ்கந்தராசா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

மக்ராய் மெதுவாக, மிக மெதுவாகச் சிரித்தார்.

"எப்ப மிஸ்டர் பிட்?"

"அது... காலையில..."

சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய காதில் அது விழுந்தது.

"காலையில நீங்கள் ஒரு கிளீனரையும் காணேல்லையே?"

பிட்டின் நெற்றியில் வியர்வை.

"இல்லை... அது... தூரத்தில..."

"கதவடி எண்டீங்கள்."

"எனக்கு... எனக்கு லோயர் வேணும்!"

"தாராளமா. ஆனா ஒண்டு சொல்லுங்கோ. பிணம் கிடக்கெண்டு தெரிஞ்சும் அம்புலன்சைக் கூப்பிடாமல், மேலடுக்குக்கு ஏறிப்போய் ஏன் பாளத்தைத் தள்ளினீங்கள்?"

பிட் கதிரையில் சரிந்தார். கழுத்துப்பட்டியை இழுத்து அவிழ்த்தார்.

"அவர் ஏற்கெனவே செத்திட்டாரே!" ஒரு விம்மல். "கட்டிடத்தில ஒரு பிழையும் இல்லை எண்டு முதல்நாளே எனக்குச் சொல்லிப்போட்டார் ஹால். உதிருறது மேல்பூச்சுத்தானாம்! ரீம் போகாட்டி அமெரிக்காவில எனக்குச் சொன்ன பெரிய பதவி போச்சு! செத்த மனிசனுக்கு வலிக்கப் போகுதோ? நான் ஒருத்தரையும் கொல்லேல்லை... ஒருத்தரையும்..."

"கொல்லேல்லை." மக்ராய் விலங்கை எடுத்தார். "ஆனா ஒரு அப்பாவியைக் கொலைகாரனாக்கப் பாத்தீங்கள். அதுக்கு எங்களிட்ட வேற பேர் இருக்கு."

க்ளிக்!

பிட்டை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அறையில் நான்கு பேர். அகஸ்ரின் யூட்சனின் தலையில் ஒரு குட்டுக் குட்டினார். அதே கையால் கட்டிப் பிடித்தார்.

"இனி உன்ர விசயம்." மக்ராய் யூட்சனின் முன்னால் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

யூட்சன் கண்களை மூடினான். பிளேனின் இரைச்சல் காதுக்குள் கேட்டது. இறங்கியதும் யார் காத்து நிற்பார்கள் என்பதும் தெரிந்தது.

மக்ராய் பேசினார். நீளமாக, கடுமையாகப் பேசினார். ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார். வாய் மெல்லப் பிளந்தது.

"என்னவாம் அங்கிள்? எப்ப ஏத்துவினமாம்? கெதியாச் சொல்லுங்கோ... என்னால தாங்கேலாது!"

"பொறும் தம்பி, ஒரு சொல்லும் பிழைக்கப்படாது." ஸ்ரீஸ்கந்தராசா தொண்டையைச் செருமினார். "கள்ளப் பேரில வேலை செய்தது பிழையாம். அதுக்குத் தனியா விசாரணை வருமாம். லோயரோட போகட்டாம்."

"பிறகு?"

"பிட் உம்மைக் கண்டு கதைச்சதெண்டு சொல்ல, உம்மை விட்டா வேற ஆளில்லையாம். நீர்தான் அரசாங்கத்தின்ர பிரதான சாட்சியாம். பிட்டும் முதலாளியும் பெரிய பெரிய லோயர்மாரைப் பிடிப்பினமாம். கேஸ் இழுபடுமாம். வருசக் கணக்கில இழுபடுமாம்..."

"ஓம்... அதுக்கு?"

"அது முடியுமட்டும் நீர் கனடாவை விட்டு வெளியேறக் கூடாதாம்! ஆரும் உம்மை ஏத்த வந்தா, முதல்ல தன்னட்டக் கேக்கவேணுமாம். மீறி வெளிய போனீரோ..." மொழிபெயர்ப்பாளரின் கண்ணில் நீர் முட்டியது. "உம்மைப் பிடிச்சுத் திருப்பிக் கனடாவுக்கே கொண்டு வருவினமாம்!"

யூட்சன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பா, அழுகையா என்று அவனுக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது.

வெளி மண்டபத்து ரீவியில் மாநகரசபைத் தலைவி பேசிக்கொண்டிருந்தார். கட்டிடம் உறுதியானது. ஒப்பந்தம் செல்லும். ரீம் எங்கேயும் போக முடியாது! பக்கத்தில், விமான நிலையத்தில் இருந்து பாதியில் திரும்பிய முதலாளியின் முகம். ஸ்ரீஸ்கந்தராசா தொப்பியைக் கூரை வரைக்கும் எறிந்தார்.

அகஸ்ரின் திரையைப் பார்த்தார். யூட்சனைப் பார்த்தார். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எழும்படா! இந்த நாட்டை விட்டுப் போகக்கூடாதெண்டு இண்டைக்கு ரெண்டு பேருக்குக் கட்டளை. ஒண்டு உனக்கு, மற்றது பேஸ்போல் ரீமுக்கு... அதில ஒருத்தர் அழவேணுமெண்டா, அதை அந்தக் கோடீஸ்வரன் அழட்டும்!"